காரணம்: பாட்டுக் கேட்கப் போனேன்

ரொறொன்ரோ
12 பெப்ரவரி 1987

அன்புள்ள யோசப்பின் அக்காவுக்கு,

மடுமாதா காவலில் நான் இங்கே சுகம். குளிருக்கு உங்கள் முழங்கால் நோ கூடியிருக்கும். உங்களோடு அறையில் இருக்கும் கொறற்றி எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறாவா?

நல்ல செய்தி ஒன்று. எங்கள் பங்குக் கோயிலில் அகதிகளுக்கு உதவும் கமிட்டி ஒன்று இருப்பதாக எழுதினேன் அல்லவா, அவர்கள் இந்த வருடம் ஒருவரைக் கனடாவுக்கு எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த ஒருவர் நீங்கள்தான். தலைவி மிஸிஸ் காலகர் நல்ல மனுஷி. மன்னாரில் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தீர்கள், இப்போது எசனில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிறீர்கள் என்று சொன்னேன். அவவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் மேல் எந்தக் குற்றமும் பதியப்படவில்லை என்று ஜெர்மன் பொலிசிடமிருந்து சான்றிதழ் வேண்டும். ஆகையால் தயவுசெய்து ஒரு வருடத்துக்கு யாரோடும் வாய் காட்டாமல் இருங்கோ. உங்கள் வாய் எனக்குத் தெரியும்.

இதோடு ஒரு கசற் வைத்திருக்கிறேன். நான் கோப்பை கழுவும் தவறணையில், பியர் விற்கும் இடம்தான், வியாழன்தோறும் ஒரு குழு வாசிக்கிறது. பெயர் சில்வர் போர்ட்டேஜ். ஐந்து பேர், ஆகச் சின்னவருக்கு நாற்பத்தாறு வயது. ஒருகாலத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடும் பெரிய அரங்குகளை நிரப்பினவர்களாம். இப்போது நாற்பது பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு கதைக்கிறார்கள். ரெக்கோடரைக் குசினி யன்னலில் வைத்துப் பதிந்தேன். சங்கீத ரீச்சர் என்ன சொல்கிறீர்கள் பார்ப்போம்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
பேனாட்

—

ஒல்ஸ்பாக்
3 மார்ச் 1987

அன்புத் தம்பி பேனாட்டுக்கு,

நான் சுகம். முழங்காலும் என்னோடு சுகமாய்த்தான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கமிட்டியாருக்கு என் நன்றியைச் சொல்லு. உன்னைக் கண்டு மூன்று வருடம். நீ ஜெர்மனியை விட்டுப் போய் இரண்டு மாதத்தில் நான் வந்து இறங்கினேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்து இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு சமையலறையில் நீயும் நானும் சண்டை பிடித்துக்கொண்டு சோறு வடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வாய் காட்ட இங்கே யார் இருக்கிறார்கள்? அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை, பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் உள்ள பெற்றோல் நிலையம். எசன் அங்கிருந்து பதினெட்டு கிலோமீற்றர். போவதென்றால் அலுவலகத்தில் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பூசை என்றால் உடனே தருவார்கள். அதனால் இந்த விடுதியில் சப்பாத்து வாங்குபவனும் பூசைக்குப் போகிறான், மச்சானைப் பார்ப்பவனும் பூசைக்குப் போகிறான். சிவன்கோயில்காரரும் வாரம் இரண்டு பூசை காண்கிறார்கள். ஜெர்மனியில் உள்ள தமிழர் எல்லாரும் அர்ச்சிஷ்டர்கள், பெரிய புனிதர்கள் என்று அந்த அலுவலர் அம்மா நம்பியிருப்பா.

உன் கசற்றைக் கேட்டேன். முதல்தரம் இது பாட்டா, மரம் அரிகிற சத்தமா என்று நிறுத்திவிட்டேன். இரண்டாம்தரம் கொறற்றி போட்டாள். மூன்றாம்தரம் நான்தான் போட்டேன், அதை அவளுக்குச் சொல்லவில்லை. பாடுகிறவருக்கு மேல் சுரம் எட்டவில்லை. எட்டாது என்று அவருக்குத் தெரியும், இருந்தும் ஏறுகிறார். என் மாணவி என்றால் இறங்கு என்று சொல்லியிருப்பேன். இவரை இறங்கச் சொல்ல மனம் வரவில்லை. அந்த மெதுவான பாட்டின் நடுவில் கலகலவென்று ஒரு வாத்தியம் வருகிறதே, அது என்ன?

அன்புடன் அக்கா,
யோசப்பின்

—

ரொறொன்ரோ
27 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம், உங்களையும் மாதா அப்படியே வைத்திருப்பா.

அது வாத்தியம் இல்லை. நான் கோப்பைகளைக் கீழே போட்ட சத்தம்.

ஒரு புதினம். சில்வர் போர்ட்டேஜ் ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். சின்னச் சின்ன மண்டபங்கள். ஒரு வானும் அவர்களுமாம். ஆனி (ஜூன்) பதினாலாம் திகதி, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எசனில் வாசிக்கிறார்கள். விளம்பரத் தாளைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது. பகிடிக்குத்தான் எழுதுகிறேன், போகச் சொல்லவில்லை.

கமிட்டி வேலை ஒழுங்காய் நடக்கிறது. சான்றிதழை மறக்க வேண்டாம்.

என்றும் உங்கள் தம்பி,
பேனாட்

—

ஒல்ஸ்பாக்
11 மே 1987

அன்புத் தம்பி,

இங்கே எல்லாரும் சுகம். மரங்கள் பூத்துவிட்டன, எனக்குத் தும்மல். உன் இருமல் நின்றதா?

ஆனி பதினாலுக்கு அன்ட்ராக் கொடுத்தேன். அன்றைக்கு எசனில் தமிழ்ப் பூசை இல்லை. தமிழ்ப் பூசை மாதத்தின் மூன்றாம் ஞாயிறில்தான் என்று அலுவலகத்துக்கும் தெரியாது, தெரிந்தாலும் கேட்கமாட்டார்கள். கொறற்றி பக்கத்தில் நின்று, "அக்கா, பூசை எண்டு எழுதுங்கோ. ஏன் வீணாய்த் தலையைக் குடுக்கிறியள்?" என்று கையைப் பிடித்தாள். நான் "காரணம்" என்ற இடத்தில் "இசை நிகழ்ச்சி" என்று எழுதினேன்.

அலுவலர் அம்மா இரண்டுதரம் வாசித்தா. பிறகு ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாய்ச் சொன்னா, வைத்தியர், வழக்கறிஞர், கோயில், இந்த மூன்றுக்கும்தான் அனுமதி. அதாவது நோயாளி, வழக்காளி, பாவி. நாலாவது சாதி மனிதருக்குச் சீட்டு இல்லை. நான் நோயாளி இல்லை, அன்றைக்குப் பாவியும் இல்லை, பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட ஒருத்தி என்றேன். மறுத்து முத்திரை குத்தித் தந்தா. தாளைப் பத்திரமாய் வைத்திருக்கிறேன்.

நான் கோபக்காரி என்று நினைக்காதே. உண்மையைச் சொல்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒன்றிலும் ஆசை வரவில்லை. தந்ததைச் சாப்பிட்டேன், படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தேன். இது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அதற்குக் கர்த்தரின் பூசையை மூடுதுணியாக்க எனக்குப் பிடிக்கவில்லை. பூசையில் பாடுவது என் தொழில். அதைப் பொய்க்கு வாடகைக்கு விடமாட்டேன்.

உன் அக்கா,
யோசப்பின்

—

ரொறொன்ரோ
25 மே 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் கண்டு சுகம் கெட்டது.

என்ன விசர் வேலை இது? விடுதியில் இருக்கும் நூறு பேரும் எழுதுவதைத்தானே கொறற்றியும் எழுதச் சொன்னா. இனி அந்த அன்ட்ராக்கை மறந்துவிடுங்கோ. சீட்டில்லாமல் போய்ப் பிடிபட்டால் அது குற்றம், குற்றம் என்றால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லை என்றால் கனடா இல்லை. நான் இங்கே ஒரு அறை கூடப் பார்த்துவிட்டேன், இரண்டு யன்னல் உள்ளது. ஐந்து கிழவருடைய பாட்டுக்காக அதைக் கெடுக்காதையுங்கோ. வேண்டுமென்றால் ஒவ்வொரு வியாழனும் பதிந்து அனுப்புகிறேன்.

வெளிநாட்டில் உண்மை பேசி யாரும் பிழைத்ததில்லை, அக்கா. எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பி,
பேனாட்

—

ஒல்ஸ்பாக்
16 ஜூன் 1987

அன்புத் தம்பி,

உன் இருமலைப் பற்றி நீ எழுதவில்லை. நான் சுகம். போனேன்.

பழைய நிலக்கரிச் சுரங்கம். தொழிலாளர் வேலை முடிந்து குளித்த இடத்தை மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, கூரையில் இன்னும் சங்கிலியும் கொளுக்கியும் தொங்குகின்றன. தன் உடுப்பை முப்பது வருடம் அந்தக் கொளுக்கியில் ஏற்றினதாகப் பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் காட்டினார். நூறு, நூற்றிருபது பேர் இருக்கும். சேலையில் நான் ஒருத்தி. யாரும் பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஐந்து பேரும் வந்தார்கள். மேளம் அடிப்பவருக்கு நாரி நோ, இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது பாட்டில் ஒலிபெருக்கி செத்துவிட்டது. மண்டபக்காரர் வயர்களைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். இவ்வளவுதான், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பாடுகிறவர் மைக்கைக் கீழே வைத்தார். மேடையின் விளிம்புக்கு வந்து வெறும் தொண்டையில் பாடினார். மேளகாரர் ஓரத்தில் மட்டும் தட்டினார். அது அந்த மெதுவான பாட்டு. உன் கோப்பை விழும் இடம் கூட எனக்கு மனப்பாடம். மன்னாரில் திருநாள் பூசையில் கரண்ட் போனால் நான் பிள்ளைகளைப் பாடாமல் விட்டிருக்கிறேனா? அவர் மேல் சுரத்துக்கு ஏறும்போது நான் கீழே இரண்டாம் குரல் பிடித்தேன். நான் நினைத்துச் செய்யவில்லை, வாய் திறந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், நிறுத்தவில்லை. பிறகு அந்தச் சுரங்கக்காரர் பாடினார், பிறகு எல்லாரும். நாலு பாட்டு அப்படியே போனது. தம்பி, எனக்கு முப்பத்தொன்பது வயது. இப்படிச் சந்தோசமாய் இருந்தது எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் அவரே மேசை போட்டு இசைத்தட்டு விற்றார். என் தம்பி பேனாட் நீங்கள் வாசிக்கும் தவறணையில் கோப்பை கழுவுகிறான் என்றேன். "பேர்னியா?" என்று எழுந்தே விட்டார். அவர் சொன்ன ஒன்று என்னைக் குழப்புகிறது. புதுவருடத்தன்று உனக்குப் பிறந்தநாள் என்று முதலாளி கேக் வைத்தாராம், இவர்கள் வாசித்தார்களாம். நீ குசினி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் பனிக்குள் போய் நின்றாயாம். ஒரு மணித்தியாலம் உள்ளே வரவில்லையாம். நீ ஆவணி இருபதில் பிறந்தவன். பேனாட் அர்ச்சிஷ்டரின் திருநாளில் பிறந்ததால்தான் சுவாமியார் உனக்கு அந்தப் பெயரே வைத்தார். தை முதலாம் திகதி யாருடைய பிறந்தநாள்?

மற்றதையும் சொல்லவேண்டும். திரும்பி வரும்போது ஒல்ஸ்பாக் ஸ்ரேசனில் பொலிஸ் பிடித்தது. ஏழரை மணி, நல்ல வெயில். இறங்கின நாற்பது பேரில் என்னை மட்டும்தான் மறித்தார்கள். அனுமதிச் சீட்டு எங்கே என்றார்கள். கேட்டேன், தரவில்லை என்றேன். ஏன் போனாய் என்றார்கள். பாட்டுக் கேட்க என்றேன். இளம் பொலிஸ்காரன் சிரித்துவிட்டு "காரணம்: தெரியாது" என்று எழுதினான். பிடித்தது கூட எனக்குப் பெரிதில்லை. நான் சொன்னதை அவன் எழுதவில்லை, அதுதான் இரண்டு நாளாய் நெஞ்சுக்குள் நிற்கிறது. விசாரணைக்கு டெர்மின், அதுதான் தவணை, புரட்டாதி எட்டாம் திகதி.

அக்கா,
யோசப்பின்

—

ரொறொன்ரோ
29 ஜூன் 1987

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

எசனில் தமிழ்ப் பூசை வைக்கும் ஞானப்பிரகாசம் சுவாமியாரிடம் உடனே போங்கோ. போக ஏலாவிட்டால் கொறற்றியை அனுப்புங்கோ. பதினாலாம் திகதி விசேட பூசைக்கு வந்தீர்கள், சீட்டு வாங்கத் தவறிவிட்டது என்று ஒரு கடிதம் தரச் சொல்லுங்கோ. கோயில் என்றால் பதியாமல் விட்டுவிடுவார்கள். எத்தனையோ பேரை விட்டிருக்கிறார்கள். மிஸிஸ் காலகருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் எழுத வேண்டாம்.

இதைச் செய்யுங்கோ அக்கா. எனக்காக.

பேனாட்

—

ஒல்ஸ்பாக்
20 ஜூலை 1987

அன்புத் தம்பி,

நான் சுகம், நீ சுகமில்லை என்று தெரிகிறது.

கொறற்றி போய்க் கேட்டாள், சுவாமியார் கடிதம் தந்துவிட்டார். தயங்கினாரா என்றால் கொஞ்சம். "பிள்ளை, அண்டைக்கு அவ பாடினது உண்மைதானே? எங்கே எண்டதை மட்டும் மாத்தி எழுதிறன்" என்றாராம். கருணையுள்ள மனுஷன். கடிதம் என் பைபிளுக்குள் இருக்கிறது. அதைக் கொடுத்தால் கனடா, இரண்டு யன்னல் அறை, நீ. கொடுக்காவிட்டால் இந்த விடுதி. எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஆனாலும் அந்தச் சுரங்கத்தில் என் தொண்டையில் இருந்து வந்ததை இல்லை என்று கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. கொறற்றி என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் தானே ஒரு அன்ட்ராக் எழுதிக்கொண்டு வந்தாள், காரணம் "விளைமீன் வாங்க" என்று. மறுத்துவிட்டார்கள். அந்தத் தாளை என்னுடைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. தை முதலாம் திகதி ஏன் வெளியே போய் நின்றாய்?

உன் அக்கா,
யோசப்பின்

—

ரொறொன்ரோ
20 ஓகஸ்ட் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமைக்கு மேல். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இருமல் நின்றுவிட்டது, சாப்பிடுகிறேன்.

இன்றைக்கு எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த நாட்டில் அது யாருக்கும் தெரியாது. ஜெர்மனிக்கு வந்த அன்று என்னிடம் பத்திரம் ஒன்றும் இல்லை, மொழிபெயர்த்தவன் தை முதலாம் திகதி என்று எழுதிவிட்டான். விடுதியில் இருந்த ஆட்கள் அகதி விசாரணைக்கு ஒரு கதையும் எழுதித் தந்தார்கள். உன்னுடைய கதைக்குச் சாட்சி இல்லை, இது பலமான கதை, இதைப் பாடமாக்கு என்றார்கள். எங்கள் அப்பாவை ஆமி சுட்டது என்று சொன்னேன், அக்கா. வீட்டு முற்றத்தில், என் கண்முன்னே என்று. கனடாவிலும் அதையே சொன்னேன். மாற்றிச் சொன்னால் பிடித்துவிடுவார்கள். மிஸிஸ் காலகர் போன வருடம் அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தா. நான் முன்வரிசையில் இருந்தேன்.

அந்தக் கேக்கைக் கண்டதும், இனி என்னிடம் என்னுடையது என்று ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அதுதான் வெளியே போனேன்.

என்னுடைய சொந்தக் கதை, தள்ளாடி ஆமி முகாமில் என்னைப் பிடித்து வைத்திருந்த பத்தொன்பது நாள். அதை யாரும் கேட்கவில்லை. நீங்களும் வவுனியாவில் வேலை தேடிப் போயிருந்தேன் என்றுதான் நம்புகிறீர்கள்.

சுவாமியாரின் கடிதத்தைக் கொடுங்கோ என்று எழுதத்தான் இருந்தேன். இப்போது எழுதமாட்டேன். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மிஸிஸ் காலகரிடம் உங்கள் விஷயத்தை நேற்றுச் சொல்லிவிட்டேன். உள்ளபடி சொன்னேன். கமிட்டியைக் கூட்ட வேண்டும் என்றா. என்னுடையதைச் சொல்ல இன்னும் துணிவில்லை.

தம்பி,
பேனாட்

—

ஒல்ஸ்பாக்
9 செப்ரம்பர் 1987

என் அன்புத் தம்பி பேனாட்டுக்கு,

பிந்தினாலும் என் பிறந்தநாள் வாழ்த்து. ஆவணி இருபதுக்கு.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. அப்பா மஞ்சள் காமாலையில் கட்டிலில் கிடந்து, உப்பில்லாத கஞ்சிக்கு எல்லாரையும் ஏசிக்கொண்டே செத்த மனுஷன். அவரை வீரனாக்கிவிட்டாய். அவர் உன்னை மன்னித்திருப்பார், கொஞ்சம் பெருமைப்பட்டும் இருப்பார். நானும் மன்னித்துவிட்டேன். அந்த வயதில், அந்த இடத்தில், நானும் பாடமாக்கித்தான் இருப்பேன்.

நேற்று டெர்மின். அதே அலுவலர் அம்மா. நான் வாய் திறக்க முதலே அவ சொன்னா: "கோயிலுக்கு என்று சொல்லுங்கள். போதகரிடமிருந்து ஏதாவது கடிதம் இருந்தால் தாருங்கள். எல்லாரும் அப்படித்தான். நான் இதை மூடிவிடுகிறேன்." அவவும் கெட்டவ இல்லை. கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. பையைத் திறந்தேன், தம்பி. உன்னை நினைத்துத் திறந்தேன். உள்ளே கை வைத்தபோது அப்பாவுக்காக நீ முன்வரிசையில் இருந்த பூசை நினைவுக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பையை மூடினேன்.

"கோயிலுக்குப் போகவில்லை. பாட்டுக் கேட்கப் போனேன். பொலிஸ் தாளில் தெரியாது என்று இருக்கிறது, அதைத் திருத்தி எழுதுங்கள்" என்றேன். எழுதினால் பதிவாகும், தெரியுமா என்று கேட்டா. தெரியும் என்றேன். அடுத்தமுறை பிடித்தால் கோர்ட், தெரியுமா என்றா. அதுவும் தெரியும் என்றேன். மெசினில் தாளைச் சுற்றி, "காரணம்: பாட்டுக் கேட்க" என்று அடித்தா. ஒவ்வொரு எழுத்தாய் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே சுத்தமான சான்றிதழ் இனி இல்லை. மிஸிஸ் காலகருக்கு நானும் எழுதிவிட்டேன். எடுத்தால் நன்றி, எடுக்காவிட்டால் வேறு ஒருவர் அந்த அறையில் நிம்மதியாய் நித்திரை கொள்ளட்டும் என்று எழுதினேன். அதை எழுதும்போது வலிக்கவில்லை என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

இனி உன் விஷயம். பத்தொன்பது நாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அது எனக்குப் போதாது. கமிட்டிக்குச் சொல்லாதே, கனடாவுக்குச் சொல்லாதே, துணிவு வரும்போது சொல்லு, வராவிட்டால் விடு. எனக்குச் சொல்லு. முதலாம் நாளில் இருந்து தொடங்கு. எப்படிப் பிடித்தார்கள், எங்கே வைத்தார்கள், என்ன சாப்பிடத் தந்தார்கள். சாட்சி வேண்டாம், பலமான கதையாய் இருக்கவும் வேண்டாம். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் வீதம் எழுது. எழுத ஏலாத நாளில் வெறும் தாளை அனுப்பு, அதையும் வைத்திருப்பேன். அவசரம் ஒன்றும் இல்லை. நான் இந்த விலாசத்தில்தான் இருப்பேன், எனக்கு எங்கும் போக அனுமதி இல்லை.

உன் அக்கா,
யோசப்பின்